மூன்றாவது பிரஷ்

ஒருவர் ஒரு வீட்டில் வாழ்ந்த தடத்தை எடுத்துவிட எனக்கு இருபது நிமிடம் போதும். வாசலில் இருந்து தொடங்க வேண்டும். வருகிறவர்கள் முதலில் பார்ப்பது சப்பாத்துத் தட்டைத்தான். எனக்கும் மகளுக்கும் ஒரே அளவுக் கால். மற்றவளுடையது சின்னக் கால். குழந்தையின் சப்பாத்துப்போல இருக்கும். அவற்றைப் பையில் போட்டுச் சமையலறை மாச்சாக்குக்குப் பின்னால் வைப்பேன். பிறகு அவளுடைய குளிர்ச்சட்டை, கைக்குள் செருகிய கம்பளித் தொப்பியோடு. பிறகு குளியலறை: பல் பிரஷ், சீப்பு, தேங்காயெண்ணெய்ப் போத்தல், துவாய், தண்ணீர் போகும் துளையில் சிக்கிய சுருட்டை மயிர். பிறகு அறை. இரண்டு தலையணைகளில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைக் கட்டிலின் நடுவில் வைத்துத் தட்டிவிட வேண்டும். ஓரமாக இருக்கிற ஒற்றைத் தலையணை மற்றதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக வரவேற்பறையில் இருந்த கல்யாணப் படம். அதே சட்டத்துக்குள், அதற்கு முன்னால், மகள் பட்டம் வாங்கிய படத்தைச் செருகுவேன். பின்னால் இருவரும் இருட்டில் சிரித்தபடி நிற்பார்கள்.

அவள் என் மகளின் மனைவி. இந்த மூன்று சொற்களையும் ஒன்றாக எழுத எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

கோயம்புத்தூர்ப் பிள்ளை. மேற்படிப்புக்கு ஒஸ்லோவுக்கு வந்தவள். நகர மண்டபத்தில் பதிவுத் திருமணம் நடந்தபோது நானும் போனேன். மங்கலான நிறத்தில் ஒரு சேலை கட்டி, படத்தின் ஓரத்தில் நின்றேன். பிறகு இருவரும் ஹவுகன்ஸ்டுவாவில் என்னுடைய ஐந்தாம் மாடி வீட்டுக்கே வந்தார்கள். வாடகை கொடுத்துத் தனியாக இருக்கிற வசதி அப்போது இல்லை. சின்ன அறையைக் கொடுத்தேன். என் கணவர் கடைசி ஆறு மாதமும் நோயாய்க் கிடந்து கண்மூடிய அறை அது.

மகளின் முப்பத்தொரு வயதும், அவளுக்கு மாப்பிள்ளை பார்க்காமல் நான் இருக்கிற இருப்பும் எங்கள் ஆட்களுக்குள் ஏற்கனவே கதையாகியிருந்தது. முதல் தடவை என் மச்சாள் வந்தபோது, சிநேகிதி ஒருத்தி தங்கியிருக்கிறாள் என்றுதான் சொன்னேன். மச்சாள் என் கணவரின் அக்கா. ஸ்தவாங்கரில் இருந்து வருடத்துக்கு நாலைந்து தடவை வந்து வேறு சொந்தக்காரர் வீட்டில் தங்குவா, எங்களிடம் பகலில் வந்து போவா. அவ மூன்று கேள்விதான் கேட்டா. ஆரின்ரை பிள்ளை, எந்த இடம், எப்ப போறா. மூன்றாவதுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த தடவையில் இருந்து எடுக்கத் தொடங்கினேன்.

மகள் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். பகலில் வீட்டில் நிற்பதில்லை. அவளுக்கு இது தெரியாது. அந்தப் பிள்ளைக்குத் தெரியும். யாராவது வருகிறார்கள் என்றால் அவளே வந்து கைகொடுப்பாள். தன்னுடைய பொருட்களைத் தானே பொறுக்கி என்னிடம் தருவாள், சமையலுக்கு வெங்காயம் உரித்துத் தருவதுபோல. பிறகு கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போவாள். ரயிலில் ஏறிக் கடைசித் தரிப்புவரை போய்த் திரும்பி வருவாளாம். "பரவால்ல ஆன்ட்டி, வேடிக்கை பாத்துட்டே போவேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, வருத்தப்படுவா" என்பாள்.

ஒரு பங்குனி மாதம் மச்சாள் சொல்லாமல் வந்து மணி அடித்தா. அந்தப் பிள்ளை அறைக்குள் இருந்தாள். வெளியே போக வழியில்லை. நான் வாசலில் மச்சாளின் குளிர்ச்சட்டையை மெதுவாக, மிக மெதுவாக வாங்கிக் கொழுவினேன். அதற்குள் பின்னால் அறைக்கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. கதவின் கீழ் தெரிந்த வெளிச்சக் கோடும் அணைந்தது. மச்சாள் தேத்தண்ணி குடித்தா, சாப்பிட்டா, ஊரில் ஒரு காணி வழக்கைப்பற்றி முதலில் இருந்து கடைசிவரை சொன்னா, சோபாவில் கொஞ்சம் கண்ணயர்ந்தா. நாலு மணித்தியாலம்.

நான் அந்தப் பிள்ளையை மறந்துபோனேன். ஒளித்திருக்கிறாள் என்ற பதற்றம் முதல் அரை மணித்தியாலம் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. மச்சாள் போன பிறகு கோப்பைகளைக் கழுவினேன். கழுவித் துடைத்து அடுக்கிய பிறகுதான் ஒரு கோப்பை குறைகிறதென்று பட்டது. அது மாச்சாக்கடியில் இருந்தது. என்றைக்கோ நான் ஒளித்தது. அப்போதுதான் அறைக்கதவைப் போய்த் திறந்தேன்.

கட்டிலின் விளிம்பில், இருட்டில், கைகளை மடியில் வைத்தபடி நேராக இருந்தாள். நான் கதவைத் திறந்ததற்கும் அவள் தலை திரும்பியதற்கும் இடையில் ஒரு கணம் போனது. அந்தக் கணத்தில் அங்கே இருப்பது யார் என்று எனக்குத் தெரியவில்லை.

"அவங்க போயிட்டாங்களா ஆன்ட்டி?" என்றாள்.

அவளுடைய மாணவர் அனுமதி முடிய முன்னரே, மகளின் மனைவி என்ற முறையில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பம் போட்டார்கள். மகள் இங்கே பிறந்தவள், இந்த நாட்டுப் பிரசை. வீட்டில் மூன்று பேர் வசிக்கிறோம் என்று விண்ணப்பத்தில் எழுதி என்னிடமும் காட்டினாள். நான் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டுத் தலையாட்டினேன். நானும் முப்பத்தைந்து வருடத்துக்கு முன் அப்படி வந்தவள்தான். கொழும்பில் கல்யாணம், பதினொரு நாள் ஒன்றாக இருந்தோம், பிறகு அவர் நோர்வேக்குத் திரும்பிவிட்டார். அந்த விண்ணப்பத்தோடு போனது எங்கள் கல்யாண அல்பம். எனக்கே பெயர் தெரியாத இருநூறு பேர் அதில் எங்களோடு நிற்கிறார்கள். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. இந்தப் பிள்ளைகளின் அல்பத்தில் ஏழு பேர். நான் ஓரத்தில்.

கார்த்திகை மாதம், ஒரு வியாழக்கிழமை. மச்சாள் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. ஒரு மணிக்கே எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளை ரயிலுக்குப் போய்விட்டாள். வெளியே பனி பெய்யப் பார்த்துக்கொண்டிருந்தது, வெளிச்சம் ஏற்கனவே மங்கிவிட்டது. மூன்றுக்குக் கொஞ்சம் முன்னர் மணி அடித்தது. மச்சாள்தான் என்று சிரித்த முகத்தோடு திறந்தேன்.

ஒரு பெண்ணும் ஓர் இளைஞனும் நின்றார்கள். அட்டையைக் காட்டினார்கள். வதிவிட அனுமதி விடயமாக வந்திருப்பதாகவும், உள்ளே வந்து பார்க்கலாமா என்றும் அந்தப் பெண் கேட்டா. மரியாதையான குரல். சிவப்புக் கம்பளித் தொப்பி. வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு உரிமை இருக்கிறது என்று அவவே சொன்னா. அந்த நேரம் பின்னால் லிப்ட் திறந்தது. மச்சாள் ஒரு கையில் பையும் மறுகையில் தட்டைவடைப் பொட்டலமுமாக வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றா.

"என்ன மச்சாள், வரிக்காரரோ?" என்றா தமிழில்.

அவர்கள் சப்பாத்தைக் கழற்றி, எங்கள் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். இளைஞன் சப்பாத்துத் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். குளியலறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். சின்ன அறையின் வாசலில் நின்றார்கள். நடுவில் ஒற்றைத் தலையணை. வரவேற்பறையில் மகள் பட்டத்தொப்பியோடு சிரித்தாள். அந்தப் பெண் விண்ணப்பத்தில் இருந்த பெயரைச் சொல்லி, இவ இங்கேதான் வசிக்கிறாவா என்று கேட்டா. மச்சாள் சோபாவில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. முப்பது வருடம் இந்த நாட்டில் இருக்கிறவ. மொழி என்னைவிட நன்றாகத் தெரியும்.

"சிநேகிதி," என்றேன். "இடைக்கிடை வருவா."

மச்சாள் உதவிக்கு வந்தா. தான் அடிக்கடி வந்து போகிறவள் என்றும், இந்த வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான் என்றும், வேறு ஒருவரையும் தான் ஒருநாளும் கண்டதில்லை என்றும் அழகான நோர்வேஜிய மொழியில் எடுத்துச் சொன்னா. இளைஞன் குறித்துக்கொண்டான்.

அவர்கள் போன பிறகு எனக்குள் வந்த உணர்வை எழுதத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். பயம் வரவில்லை. குற்ற உணர்வும் வரவில்லை. நெஞ்சில் இருந்து பெரிய பாரம் இறங்கியது. *ஒன்றும் அகப்படவில்லை* என்று நினைத்தேன். கதவில் சாய்ந்து நின்று அதைத்தான் நினைத்தேன்.

அந்த நினைப்பு எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியும். ஊரில், அப்போது எனக்குப் பதினேழு வயது. வீட்டில் அண்ணா இருந்தார். சுற்றிவளைப்பு என்று ஒழுங்கைமுனையில் இருந்து சத்தம் வந்தால் அவர் பின்வளவால் போய்விடுவார். அம்மாவும் நானும் அவரை வீட்டிலிருந்து எடுப்போம். செருப்பு, சேட், சவர அலகு, சாப்பிட்ட கோப்பை. கொடியில் காயும் சாரத்தைக்கூட அப்பாவின் அளவுக்கு மடித்துப் போடுவோம். அவருடைய படங்களை அம்மா முதலே எரித்துவிட்டா. ஆமிக்காரர் வந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். மூன்று பேர் என்பா அம்மா. அவர்கள் செருப்புகளை எண்ணுவார்கள். சரியாக இருக்கும். போனதும் அம்மா அப்படித்தான் கதவில் சாய்ந்து நிற்பா.

மகளிடமும் அந்தப் பிள்ளையிடமும் ஆட்கள் வந்ததைச் சொல்லவில்லை. அவர்கள் வேறு யாரையோ விசாரிக்க வந்து, வேறு எதையோ எழுதிக்கொண்டு போனதுபோல ஓர் எண்ணத்தை நானே உண்டாக்கி வைத்திருந்தேன். அதோடு ஒன்பது கிழமை வாழ்ந்தேன்.

கடிதம் கணினியில் வந்தது. மகள் சாப்பாட்டு மேசையில் இருந்து வாசித்தாள். "அவ்ஸ்லாக்" என்றாள். மறுப்பு. பிறகு காரணங்களைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். குளியலறையில் இரண்டு பல் பிரஷ். வாசலில் ஒரே அளவில் பெண்களின் சப்பாத்துகள். அறையில் ஒரு தலையணை. விண்ணப்பதாரரின் படமோ உடையோ எங்கும் இல்லை. வீட்டுக்காரி அவரை இடைக்கிடை வரும் சிநேகிதி என்று சொன்னார். உறவினர் ஒருவரும் அதையே உறுதிப்படுத்தினார். இருவரும் தம்பதிகளாக ஒன்றாக வாழ்கிறார்கள் என்று கொள்ள இடமில்லை.

வாசித்து முடிக்கும்போது அவளுடைய குரல் அலுவலகக் கடிதத்தின் குரலாகவே மாறியிருந்தது.

"அம்மா, அண்டைக்கு இஞ்சை என்ன நடந்தது?"

நான் வாய் திறக்க முன்னர் அந்தப் பிள்ளை சொன்னாள். "நான்தான். அன்னைக்கு ரூமெல்லாம் கிளீன் பண்ணினேன். என் திங்ஸ் எல்லாம் பெட்டிக்குள்ள போட்டு வெச்சிருந்தேன்."

மகள் அவளைப் பார்த்தாள். பிறகு என்னை. நான் மேசை விரிப்பின் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். அதுதான் நான் செய்தது.

மேல்முறையீடு முடியும்வரை இங்கே இருக்க விடும்படி கேட்டார்கள். விடவில்லை. அவள் இரண்டு பெட்டியோடு போனாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "உடம்பப் பாத்துக்கங்க ஆன்ட்டி" என்றாள். அவளுடைய தலையில் தேங்காயெண்ணெய் மணத்தது. நான் எத்தனையோ தடவை யன்னலைத் திறந்து வெளியேற்றிய மணம்.

அதன் பிறகுதான் அவளுடைய பொருட்கள் வரத் தொடங்கின.

முதலில் அரிசி வாளிக்குள் ஒரு கோப்பை. அடுத்த கிழமை, என் கணவரின் கோட்டுப் பையில் தலைக்கிளிப். தையல் மெசின் மூடிக்குள் ஒற்றைக் காலுறை. நவராத்திரிக் கொலுப் பெட்டிக்குள், சரஸ்வதியின் பக்கத்தில், பஞ்சில் சுற்றிய கண்மை. எல்லாம் நான் ஒளித்தவை. ஆனால் எதை ஒளித்ததும் எனக்கு ஞாபகம் இல்லை. மாவைக் கிளறினால், சேலையை உதறினால், ஏதாவது ஒன்று விழுந்தது. ஒரு நாள் கூறைச்சேலையின் மடிப்புக்குள் இருந்து அந்தப் பிரஷ் விழுந்தது. பச்சை நிறம். நான் கீழே குனிந்து எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கட்டிலில் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். வீடு அவளைத் துண்டு துண்டாக வெளியே விடுகிறது என்று நினைத்தேன். இருந்தபோது ஒரு தடமும் இல்லாமல் இருந்தவள், இல்லாதபோது எங்கும் இருந்தாள்.

அண்ணா ஒரு புதன்கிழமை போய்த் திரும்பி வரவில்லை. அம்மா முகாமுக்குப் போய்க் கேட்டா. நானும் கூடப் போனேன். அந்த அதிகாரி பழைய கொப்பி ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் மூன்று பேர்தானே, நீங்களேதானே சொல்லியிருக்கிறீர்கள் என்றான். படம் கேட்டான். இல்லை. அம்மா சாகும்வரை அவரைத் தேடினா. கையில் காட்ட ஒன்றுமில்லாமல் தேடினா.

பிரஷைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தேன். மகள் வேலையால் வந்தாள். அவள் என்னோடு தேவைக்குமட்டும் கதைத்துக்கொண்டிருந்த காலம் அது. எல்லாவற்றையும் சொன்னேன். இருபது நிமிடத்தையும், தலையணையை நடுவில் வைப்பதையும், நாலு மணித்தியாலத்தையும். அவள் குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே கேட்டாள். நாலு மணித்தியாலத்துக்கு வந்தபோது எழும்பிப் போய்ச் சின்ன அறையின் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் சட்டத்தரணியின் தகவலை மட்டும் சொன்னாள். நான் நடந்ததை எழுதிக் கொடுத்தால் மேல்முறையீட்டோடு சேர்க்கலாம். ஆனால் அன்று சாட்சி சொன்ன உறவினரும் எழுத வேண்டும்.

மச்சாளுக்குத் தொலைபேசி எடுக்க நாலு நாள் எடுத்தது. நின்றுகொண்டே சொன்னேன். மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று தொடங்கி, அந்தப் பங்குனி நாள்வரை சொன்னேன்.  

"அப்ப அந்த அறைக்குள்ளை இருந்தது அந்தப் பிள்ளையோ?" என்றா மச்சாள்.

ஓம் என்றேன்.

"நீ குசினிக்குள்ளை நிக்கேக்கை நான் அந்தக் கதவடிக்குப் போனனான். உள்ளுக்கை ஆரோ மூச்சு விட்ட சத்தம் கேட்டது. என்ரை தம்பி எண்டெல்லோ நினைச்சன். கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்தனான்."

 அவ தொடர்ந்தா. வீட்டுக்குப் போய்த் தம்பியின் படத்துக்கு விளக்கேற்றினாவாம். அவன் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை என்று ஊரில் உள்ள தங்கச்சிக்கும் சொன்னாவாம். அதற்குப் பிறகுதான் தனக்கு ஒழுங்காக நித்திரை வந்ததாம்.

"பாவி. அதையும் என்னட்டை இருந்து எடுத்துப்போட்டாய்" என்றா.

அழுகிறாவா கோபப்படுகிறாவா என்று தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். கடிதத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் அவவே கேட்டா.

"என்ன எழுத வேணும்?"

"கேட்டதை எழுதுங்கோ மச்சாள்."

"மூச்சுச் சத்தம் எண்டோ? விசர் எண்டு நினைப்பாங்கள்."

ஆனால் எழுதினா. அரைப்பக்கம். அந்த அறையில் ஒரு மனிதர் மூச்சு விட்டதைத் தன் காதால் கேட்டதாகவும், முன்னர் சொன்னது தவறென்றும் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பினா. கல்யாணத்தைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதன் பிறகு இங்கே வரவுமில்லை.

நான் நாலு பக்கம் எழுதினேன். ஒளித்த ஒவ்வொரு பொருளையும், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துப் படம் பிடித்தேன். அரிசிக்குள் கோப்பை. சரஸ்வதிக்குப் பக்கத்தில் கண்மை. மகள் அந்தப் படங்களைக் கணினியில் ஏற்றும்போது ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் நின்றாள்.

இப்போது எல்லாம் வெளியே இருக்கின்றன. கல்யாணப் படம் முன்னால். தலையணைகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். அவள் விட்டுப்போன வீட்டுச் செருப்பு வாசல் தட்டில். இரவுச் சாப்பாட்டுக்குக் கை தானாக மூன்று தட்டை எடுக்கிறது. ஒன்றைத் திரும்ப வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தா. சிவப்புத் தொப்பிக்காரியின் குரல்போல இருந்தது. அவவாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என் கடிதம் கிடைத்ததாகவும் சில விடயங்களை உறுதிசெய்ய வேண்டுமென்றும் சொன்னா. பிறந்த தேதி கேட்டா, விலாசம் கேட்டா. பிறகு, உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்றா.

வாசலடியில் நின்றிருந்தேன். கண் சப்பாத்துத் தட்டுக்குப் போனது. எண்ணினேன்.  அந்தப்பக்கம் அவ பொறுத்திருந்தா.

"மூன்று," என்றேன். "நாங்கள் மூன்று பேர்."

விசைப்பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. முடிவு கடிதமாக வரும் என்றா. இன்னும் வரவில்லை.

ஒரு விடயத்தை நான் கடிதத்தில் எழுதவில்லை. கண்ணாடிக்குக் கீழே அந்தப் பச்சைப் பிரஷ் எங்கள் இரண்டோடும் நிற்கிறது. ஒரு காலை அதைத் தொட்டேன். நார்கள் காய்ந்து மொறமொறவென்று இருந்தன. யாராவது வந்து தொட்டுப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. குழாயைத் திறந்து நனைத்து வைத்தேன். அடுத்த நாளும் நனைத்தேன். அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள் என்பது அந்த அலுவலகத்துக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் நனைக்காமல் அன்றைய வேலையைத் தொடங்க முடியவில்லை.

ஒரு நாள் மகள் கண்டுவிட்டாள். குளியலறை வாசலில் அந்தப் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நுனியில் ஒரு துளி.

"ஆர் அம்மா இதை நனைச்சது?"

"நான்தான்."

 பிரஷைத் திரும்ப வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

மறுநாள் காலை நான் வழக்கம்போல எழும்பிக் குளியலறைக்குப் போனேன். மகள் எனக்கு முன்னரே போய்விட்டிருந்தாள். வாசலில் அவளுடைய சப்பாத்து இல்லை. குழாயைத் திறந்து, பச்சைப் பிரஷை எடுத்தேன். அது ஏற்கனவே ஈரமாக இருந்தது.